கோடையில் கோட்டை பார்ப்பவர்கள் கோட்டையைப் பார்ப்பதில்லை

ஜெர்மனிக்குப் போய் வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் முதலில் வருகிற பெயர் நொய்ஷ்வான்ஸ்டைன். மலைச்சரிவில் வெள்ளை வெளேரென்று, கூர்கூரான கோபுரங்களோடு, பிஸ்கட் டப்பா மேல் அச்சடித்த படம் மாதிரி நிற்கும் அரண்மனை. பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக் 1869-ல் கட்ட ஆரம்பித்தார். 1886-ல் அவர் இறந்தபோது வேலை முடிந்திருக்கவில்லை. இறந்த ஏழாவது வாரமே பொதுமக்களை உள்ளே விட்டுவிட்டார்கள். கொரோனாவுக்கு முந்தைய வருடங்களில் ஆண்டுக்கு 13 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். கோடையில் ஒரே நாளில் 6,000 பேர் வரை. டிக்கெட்டில் நேரம் அச்சிட்டிருக்கும். அந்த நேரத்துக்கு உள்ளே போனால் அரை மணியில் வெளியே வந்துவிடலாம். பிறகு பஸ். பிறகு அடுத்த ஊர்.

இதைத்தான் "கோட்டை பார்த்தோம்" என்கிறார்கள்.

கொடுமை என்னவென்றால் அது கோட்டையே இல்லை. எந்த எதிரியையும் தடுப்பதற்காக அது கட்டப்படவில்லை. பீரங்கிகளின் காலம் வந்து கோட்டைகளுக்கு வேலை போன பிறகு, இடைக்காலத்தின் மேல் ஆசை கொண்ட ஒரு மன்னர் தனக்காகக் கட்டிக்கொண்ட கனவு மாளிகை அது. அழகில்லை என்று யாரும் சொல்லவில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. ஆனால் அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டரில் ஃபியூசன் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊருக்கு நடுவே குன்றின் மேல் ஆக்ஸ்பர்க் பிஷப்புகளின் உண்மையான கோட்டை நிற்கிறது. அதன் முற்றத்துச் சுவர்களில் 1499 வாக்கில் ஓர் ஓவியர் இல்லாத ஜன்னல்களையும் இல்லாத மாடங்களையும் நிஜம் போலவே வரைந்து வைத்திருக்கிறார். கீழே தெருக்கள், கீழே ஆறு, கீழே மனிதர்கள். நொய்ஷ்வான்ஸ்டைனுக்கு வருகிற பஸ்களில் எத்தனை அங்கே நிற்கின்றன?

சரி, விஷயத்துக்கு வருவோம். கோட்டை நகரங்களைப் பார்க்கச் சரியான காலம் கோடை இல்லை, குளிர்காலம். அதற்குப் பொருத்தமான வாகனங்களில் ஒன்று மோட்டார்ஹோம். படுக்கை, அடுப்பு, ஹீட்டர், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. ஜெர்மானியர்கள் வோன்மொபீல் என்பார்கள். ஆனால் அதை ஓட்டிக்கொண்டு போகிறவர் அந்த ஊருக்குக் கடன்பட்டவர். அந்தக் கடனை அடைக்காமல் வருகிறவருக்கும் பஸ்ஸில் வந்து அரை மணியில் கிளம்புகிறவருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கோட்டை வேறு, கோட்டை நகரம் வேறு

கோட்டை என்றதும் எல்லோருக்கும் கல்தான் ஞாபகம் வருகிறது. மதில், அகழி, கோபுரம். ஆனால் கோட்டை தனியாக வாழ்ந்ததே கிடையாது. அதற்கு மாவு வேண்டும், விறகு வேண்டும், குதிரைக்கு லாடம் வேண்டும், துணி வெளுக்க ஆள் வேண்டும். இதெல்லாம் கீழே இருந்த ஊரிலிருந்து வந்தது. பதிலுக்கு ஊருக்குக் காவல் கிடைத்தது, சந்தை கிடைத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காதவர் ஒரு வீட்டின் மாடியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியவர் மாதிரிதான்.

பவேரியாவின் கிழக்கு ஓரத்தில் புர்க்ஹௌசென் என்று ஒரு ஊர். ஜால்சாக் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆஸ்திரியா. ஊருக்கு மேலே ஒரு நீண்ட மலைமுகட்டில் 1,051 மீட்டர் நீளத்துக்குக் கோட்டை. உலகிலேயே நீளமான கோட்டை என்று கின்னஸில் பதிவாகியிருப்பது இதுதான். ஒன்றன்பின் ஒன்றாக ஆறு முற்றங்கள். போலந்து இளவரசி ஹெட்விக் 1475-ல் லாண்ட்ஸ்ஹூட் நகரத்தில் பிரமாண்டமாகக் கல்யாணம் செய்துகொண்டு, பிறகு இங்கே வாழ்ந்து 1502-ல் இங்கேயே இறந்தார்.

ஆனால் கோட்டைக்குச் சோறு போட்டது கீழே இருந்த ஆறு. ஹாலைன் சுரங்கத்து உப்பு படகில் வந்து இந்த ஊரில்தான் இறங்கியது. அந்த வரியில்தான் ஊர் செழித்தது. 1594-ல் ஆட்சியாளர் உப்பு வியாபாரத்தை அரசின் கைக்கு எடுத்துக்கொண்டதும் ஊரின் வருமானம் சரிந்தது. ஆற்றங்கரையில் நின்று இதை யோசித்துக்கொண்டே மேலே பார்த்தால்தான் அந்த ஒரு கிலோமீட்டர் கல் என்னவென்று புரியும்.

இன்னொரு விஷயம். அந்தக் கோட்டைக்குள் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். முற்றங்களில் நடக்க டிக்கெட் கிடையாது. காலையில் குப்பைத்தொட்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவரைப் பார்க்கலாம், பள்ளிக்கூடப் பையோடு ஓடுகிற பிள்ளையைப் பார்க்கலாம். புர்க்ஹௌசென் சுற்றுலாவை மட்டும் நம்பிப் பிழைக்கிற ஊரும் இல்லை. நூறு வருடத்துக்கு மேலாக அங்கே ஒரு பெரிய ரசாயனத் தொழிற்சாலை ஓடுகிறது. அதனால்தான் அது இன்னும் ஊராகவே இருக்கிறது.

பனி மூடினால்தான் தெரியும்

"குளிர்காலத்தில் எல்லாம் மூடியிருக்குமே?" என்பதுதான் முதல் ஆட்சேபம். பாதி உண்மை. பவேரிய அரசின் அரண்மனைகள் பல குளிர்காலத்தில் பத்து மணிக்குத் திறந்து நாலு மணிக்குச் சாத்திவிடுகின்றன. சில சின்ன மியூசியங்கள் மார்ச் வரை திறப்பதே இல்லை. நொய்ஷ்வான்ஸ்டைனைப் படம் எடுக்க எல்லோரும் ஏறி நிற்கும் மரியன் பாலத்தைப் பனி உறைந்தால் பூட்டிவிடுவார்கள். இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் கிளம்ப வேண்டும்.

ஆனால் மூடியது எது, திறந்திருப்பது எது? மூடியது டிக்கெட் கவுன்ட்டர். மதில், தெரு, முற்றம், ஆற்றங்கரை, தேவாலயம், பேக்கரி, சாராயக்கடை எதுவும் மூடவில்லை. உண்மையில் அவை அப்போதுதான் தெரிகின்றன. மரங்களில் இலை கிடையாது. கோடையில் பச்சைக்குள் ஒளிந்திருந்த மலைச்சரிவு முழுக்க வெறுமையாக நிற்கும். புர்க்ஹௌசெனில் பாலத்தைக் கடந்து ஆஸ்திரியக் கரையில் ஏறி நின்றால், கோட்டை ஏன் அந்த முகட்டில் அப்படி நீண்டது, எங்கிருந்து எதிரி வர முடியும், எங்கிருந்து முடியாது என்று யாரும் சொல்லாமலே விளங்கிவிடும்.

இன்னும் முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. கோட்டையில் வாழ்ந்தவர்களுக்கு வருடத்தின் மிகப் பெரிய பிரச்சினையே குளிர்தான். முற்றுகை எப்போதாவது வரும். டிசம்பர் வருடா வருடம் வரும். பெரிய கோட்டைகளில் கூட நெருப்பு மூட்டிக் கதகதப்பாக வைத்த அறைகள் கொஞ்சம்தான். அந்த அறைக்கு ஜெர்மனில் கெமெனாட்ட என்று பெயர். கணப்பு உள்ள அறை என்ற பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஜூலை மாதம் டீ-ஷர்ட்டும் ஐஸ்கிரீமுமாக அந்த அறைக்குள் நுழைகிறவருக்கு அது இன்னொரு சின்ன அறை. ஜனவரியில் காது விறைத்துப்போய் நுழைகிறவருக்கு அதன் அர்த்தமே வேறு.

துரிங்கியா மாநிலத்து ஐசனாக் நகரத்துக்கு மேலே இருக்கும் வார்ட்பர்க் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பேரரசரும் திருச்சபையும் தண்டித்து ஒதுக்கிய மார்ட்டின் லூதரை, சாக்சனி இளவரசர் ஃபிரெடரிக் 1521 மே மாதம் இங்கே ஒளித்து வைத்தார். தாடி வளர்த்து, யுங்கர் யோர்க் என்ற பொய்ப் பெயரில், ஒரு சின்ன மர அறையில் பத்து மாதம் இருந்தார். அந்தக் குளிர்காலத்தில்தான் புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்தார். சுமார் 11 வாரத்தில். 1522 செப்டம்பரில் அது அச்சாகி வந்தது. ஜெர்மன் மொழியின் போக்கையே மாற்றிய வேலை அது.

வெளியே பனி, ஆறு மணிக்கு முன்பே இருட்டு, போக இடமில்லை, பேச ஆளில்லை. அந்த 11 வாரம் எப்படி சாத்தியமாயிற்று என்பதற்குப் பாதி பதில் அந்தக் குளிரிலேயே இருக்கிறது. கோடையில் நாற்பது பேர் கூட்டத்தில் எட்டிப் பார்த்து, ஒரு படம் எடுத்து, நகர்ந்து போகிறவருக்கு அந்தப் பாதி கிடைக்க வழியில்லை.

ஒரு எச்சரிக்கை. குளிர்காலம் என்றதும் கிறிஸ்துமஸ் சந்தைக்குக் கிளம்பிவிடக் கூடாது. டிசம்பர் சனி ஞாயிறுகளில் ரோத்தன்பர்க்கின் ரைட்டர்லெஸ் சந்தையோ, க்வெட்லின்பர்க்கில் வீட்டு முற்றங்களைத் திறந்துவிட்டு நடக்கும் அட்வென்ட் விழாவோ, அது கம்பளித் தொப்பி போட்ட கோடை. அவ்வளவுதான். அதே கூட்டம், அதே பஸ், அதே நெரிசல். ஜனவரி 6-ஆம் தேதி மூன்று ராஜாக்கள் பண்டிகை முடிந்து, விளக்குகளைக் கழற்றிப் பெட்டியில் வைத்த பிறகு ஆரம்பிப்பதுதான் உண்மையான குளிர்காலம். ஊர் மறுபடி ஊராகிற காலம்.

வண்டியும் ஒரு சின்னக் கோட்டைதான்

ஏன் மோட்டார்ஹோம்? ஓட்டலில் தங்கினால் ஆகாதா, ரயிலில் போனால் ஆகாதா? தாராளமாக ஆகும். ஐசனாக்குக்கும் கோபர்க்குக்கும் க்வெட்லின்பர்க்குக்கும் ரயில் போகிறது. முக்கியம் ராத்திரி அங்கே தங்குவதுதான். ஆனால் குளிர்காலத்து மோட்டார்ஹோம் கற்றுக்கொடுக்கிற ஒரு பாடத்தை ஓட்டல் கற்றுக்கொடுக்காது.

ஓட்டலில் ஹீட்டரைத் திருகினால் சூடு வரும், குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். எங்கிருந்து வருகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. மோட்டார்ஹோமில் ஒவ்வொன்றும் கணக்கு. ஜெர்மனியில் வழக்கமாக வைத்திருப்பது 11 கிலோ கேஸ் சிலிண்டர். கடும் குளிரில் ஹீட்டர் விடாமல் ஓடினால் மூன்று நாலு நாளில் காலி. அதிலும் பியூட்டேன் கலந்த கேஸாக இருந்தால் இன்னும் மோசம். பியூட்டேன் சுமார் பூஜ்ஜியம் டிகிரியிலேயே ஆவியாக மறுத்துவிடும். புரோப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். சிலிண்டரில் பாதி இருக்கும், அடுப்பு எரியாது. இது தெரியாமல் கிளம்பியவர் முதல் ராத்திரியே தெரிந்துகொள்வார்.

தண்ணீரும் அப்படித்தான். தொட்டியில் இருப்பது பெரும்பாலும் 100 லிட்டர் சுமார். குளிர்காலத்தில் வண்டி நிறுத்துமிடங்கள் பலவற்றில் குழாய் உறைந்து வெடிக்கும் என்று தண்ணீரை அடைத்துவிடுவார்கள். பல வண்டிகளில் கொதிகலன் பக்கத்தில் ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கும். வெப்பம் 3 டிகிரி அளவுக்கு இறங்கினால் அது தானாகத் திறந்து, கொதிகலனில் உள்ள தண்ணீர் முழுவதையும் கீழே கொட்டிவிடும். கொதிகலன் பிழைக்கும், குளிக்கத் தண்ணீர் இருக்காது. லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. ஜன்னலில் மூச்சுக்காற்று நீராகி வழியும், அதைத் துடைக்க வேண்டும், துடைத்த துணி காயாது.

விறகு எத்தனை நாளுக்கு வரும், தண்ணீர் எவ்வளவு மிச்சம், எந்த அறையைச் சூடாக்குவது, எப்போது விளக்கை அணைப்பது... இதெல்லாம் அப்படியே கோட்டைக்காரர்களின் கணக்கு! வார்ட்பர்க்கில் மழைநீரைச் சேமித்த தொட்டியை இன்றும் முற்றத்தில் காட்டுவார்கள். காலி கேனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் தேடி அலைந்த ஒருவர் அந்தத் தொட்டிக்கு முன்னால் நிற்கும்போது, வழிகாட்டி யாரும் எதுவும் விளக்கத் தேவையில்லை.

அடுத்தது நேரம். ஜனவரியில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. பகல் பயணிகள் போய்விடுவார்கள். மதிலுக்கு வெளியே வண்டியை நிறுத்தியவர் மட்டும் மறுபடி ஊருக்குள் நடந்து போகலாம். ரோத்தன்பர்க்கில் மதிலுக்கு வெளியே உள்ள பார்க்கிங்குகளில் மோட்டார்ஹோமுக்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கிருந்து சில நிமிட நடையில் வாசல். மதில் மேலேயே கூரை போட்ட நடைபாதை இருக்கிறது. 1945 மார்ச் 31-ல் குண்டுவீச்சில் ஊரின் கிழக்குப் பகுதி எரிந்து மதிலும் இடிந்தது. பிறகு உலகம் முழுவதிலும் இருந்து பணம் அனுப்பியவர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்து மறுபடி கட்டினார்கள். பகலில் பின்னால் வருகிறவர் இடித்துக்கொண்டே இருக்கும்போது அந்தப் பெயர்களை யார் நின்று படிக்கப் போகிறார்கள்?

ரோத்தன்பர்க்கில் கோட்டையே இல்லை என்பதும் பலருக்குத் தெரியாது. பழைய கோட்டை 1356-ல் நிலநடுக்கத்தில் சேதமாகி அழிந்தது. இப்போது அங்கே இருப்பது ஒரு தோட்டம். ஊர் இவ்வளவு பழமையாக மிஞ்சியதற்குக் காரணம் வறுமை. முப்பதாண்டுப் போரும் 1634-ன் கொள்ளைநோயும் முடிந்தபோது புது வீடு கட்ட ஊரில் காசில்லை, பழையதே நின்றது. அந்த வறுமையின் மிச்சத்தைத்தான் இன்று எல்லோரும் அழகு என்று படம் பிடிக்கிறார்கள். அந்த ஊரில் வருடம் முழுக்கக் கிறிஸ்துமஸ் பொருள் விற்கும் பெரிய கடையும் உண்டு. ஜூலை வெயிலில் வேர்த்து ஒழுக ஒழுகப் பனிமனிதன் பொம்மை வாங்கலாம் :-)

டீசல் புகையும் நியாயமும்

இரண்டாவது ஆட்சேபம் சுலபமாகத் தள்ளிவிடக் கூடியதில்லை. மோட்டார்ஹோம் 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டருக்கு மேல் டீசல் குடிக்கும். அதோடு ஹீட்டருக்கு கேஸ். இரண்டு பேர் ஊர் பார்க்க மூன்றரை டன் இரும்பை இழுத்துக்கொண்டு போவது நியாயமா?

தினமும் 300 கிலோமீட்டர் ஓட்டி, ஐந்து நாளில் பத்து ஊரை முடிக்கிறவருக்கு நியாயமே கிடையாது. அவர் பஸ் கம்பெனியின் வேலையைத் தன் சொந்தச் செலவில் செய்கிறார், அதுவும் பஸ்ஸை விட மோசமாக. ஆனால் குளிர்காலமே இதற்கு ஒரு கடிவாளம் போடுகிறது. பகல் குறைவு, சாலை வழுக்கும். ஜெர்மனியில் பனியோ ஐஸோ கிடக்கும் சாலையில் குளிர்கால டயர் இல்லாமல் ஓட்டக் கூடாது. 2024 அக்டோபர் முதல் மலையும் பனித்துளியும் போட்ட முத்திரை உள்ள டயர்தான் செல்லும். மலைப்பாதையில் அவசரப்பட்டால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாரத்துக்கு இரண்டே ஊர், நடுவே 100 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்கிறவரின் டீசல் கணக்கு, வார இறுதிக்கு விமானத்தில் பறந்து வந்து போகிறவரின் கணக்குக்கு முன் தலைகுனிய வேண்டியதில்லை. அப்படி இருக்க முடியாதவர்கள் ரயிலில் போகட்டும். அதுதான் யோக்கியம்.

தகர டப்பாக்காரர்கள்

இனி மோட்டார்ஹோம்காரர்களின் முறை. 2020-ல் மட்டும் ஜெர்மனியில் 78,000-க்கு மேல் புது மோட்டார்ஹோம்கள் பதிவாயின. கொரோனா காலத்தில் எல்லோருக்கும் இந்த ஆசை வந்துவிட்டது. இந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி எப்படிப் பயணம் செய்கிறது? கிளம்பும் முன் ஊரிலேயே தள்ளுபடிக் கடையில் ஒரு வாரத்துக்கு ரொட்டி, பாலாடைக்கட்டி, பீர் எல்லாம் வாங்கி அடைத்துக்கொள்வது. கோட்டை நகரத்தில் இலவச இடம் எங்கே என்று தேடி நிறுத்துவது. டிஷ் ஆன்டெனாவைத் தூக்கிவிட்டு, வீட்டில் பார்க்கிற அதே சீரியலைப் பார்ப்பது. காலையில் மதிலுக்கு முன்னால் ஒரு படம், கிளம்பிவிடுவது. ஊருக்குக் கிடைத்தது என்ன? ஒரு குப்பைப் பை.

இன்னும் சிலர் பாத்திரம் கழுவிய தண்ணீரை வண்டிக்குக் கீழேயே திறந்துவிட்டுப் போவார்கள். கோடையில் அது அசிங்கம். குளிர்காலத்தில் அது காலையில் ஐஸ் பலகை. அந்த ஊர்ப் பாட்டி யாராவது வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தால், அந்த நேரத்தில் இவர் அடுத்த ஊர் மதிலுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டிருப்பார். கேட்டால் "நாங்கள் யாரையும் எதிர்பார்ப்பதில்லை, சுயசார்பு" என்று பெருமை. யாரையும் எதிர்பார்க்காதவருக்கு ஊர் எதற்கு? காட்டுக்குள் போய் நிற்கலாமே!

இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை. 1950-களில் மேற்கு ஜெர்மனியில் மட்டும் 50,000-க்கு மேல் கைத்தொழில் பேக்கரிகள் இருந்தன. இன்று மொத்த ஜெர்மனியிலும் 10,000-க்கும் குறைவு. பழைய ஊர் மையங்களில் பேக்கரி மூடினால் அடுத்து அங்கே நினைவுப்பொருள் கடை வரும், அல்லது கண்ணாடியில் காகிதம் ஒட்டிய காலி அறை வரும். மேலே குடியிருப்பவர் பால் வாங்கக் கார் எடுக்க வேண்டி வரும். கொஞ்ச நாளில் மதிலுக்கு வெளியே குடிபோவார். வீடு விடுமுறை வாடகைக்குப் போகும். அப்புறம் ஊர் இருக்காது, ஊரின் செட் மட்டும் இருக்கும்.

கோடையில் எந்தக் கடையும் எப்படியோ பிழைத்துக்கொள்ளும். கடை இருக்குமா மூடுமா என்று தீர்மானமாவது ஜனவரியிலும் பிப்ரவரியிலும்தான். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் ஆறு மேஜை உள்ள சாப்பாட்டுக் கடைக்குள் வந்து உட்காருகிற இரண்டு பேர் ஆகஸ்ட் மாதத்து இருநூறு பேரை விட மதிப்பு. கோபர்க்கின் சந்தைத் திடலில் குளிர்காலத்திலும் பைன் காயை எரித்துத் தொத்திறைச்சி சுடும் வண்டி நிற்கும். அந்தப் புகை வாசனை திடல் முழுக்க. நகராட்சிக் கட்டட உச்சியில் நிற்கும் புனித மௌரீஷியஸ் சிலையின் கைக்கோல்தான் அந்தத் தொத்திறைச்சிக்கு அளவு என்று ஊரில் சொல்வார்கள். மேலே மலையில் ஜெர்மனியின் மிகப் பெரிய கோட்டைகளில் ஒன்று, கீழே இந்தப் புகை. வண்டிக்குள் நூடுல்ஸ் கிண்டிக்கொண்டு இருப்பவர் கோபர்க்குக்கு வந்தாரா, கோபர்க்கின் பார்க்கிங்குக்கு வந்தாரா?

நகராட்சிகளும் கேட்க வேண்டும்

ஊர்கள் மட்டும் சுத்தமா என்றால் அதுவும் இல்லை. ஜெர்மன் சாலைச் சட்டப்படி, நிறுத்தத் தடையில்லாத பொது இடத்தில், ஓட்டும் தெம்பு திரும்புவதற்காக வண்டிக்குள் ஓர் இரவு தூங்கலாம். நாற்காலி போட்டு, பந்தல் விரித்துக் குடித்தனம் நடத்தத்தான் கூடாது. மைனஸ் எட்டில் யார் நாற்காலி போடப் போகிறார்கள்? ஆனாலும் பல ஊர்களில் பார்க்கிங் வாசலில் இரண்டு மீட்டர் உயரத்தில் ஒரு இரும்புக் குழாயை மாட்டிவிடுகிறார்கள். மோட்டார்ஹோமின் உயரம் மூன்று மீட்டர் சுமார். பகலில் நாற்பது பேரை இறக்கிவிட்டு ஒரு மணி நேரத்தில் அள்ளிக்கொண்டு போகிற பஸ்ஸுக்கு மதில் வாசலிலேயே இடம். இரண்டு ராத்திரி தங்கி ஊருக்குள் சாப்பிடக்கூடியவருக்கு நெடுஞ்சாலை ஓரத்துத் தொழிற்பேட்டை. இது என்ன கணக்கு?

ஊர்கள் செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. மதிலிலிருந்து நடக்கிற தூரத்தில் பத்து வண்டிக்கு இடம். உறையாத ஒரு தண்ணீர்க் குழாய். மின்சாரத்துக்கு ஒரு கம்பம். கழிவுநீர் கொட்ட ஒரு துளை. அதற்கு நியாயமான கட்டணம், குளிர்காலத்திலும். இலவசமாக வேண்டாம். இலவசம் என்றால் தகர டப்பாக்காரர்கள்தான் வருவார்கள். காசு வாங்கட்டும், வாங்கிய காசுக்குக் குழாயில் தண்ணீர் வரட்டும். ஜெர்மனியில் சிறிய ஊர்கள் பல இதை ஏற்கெனவே செய்திருக்கின்றன. ஆனால் அவற்றிலும் பல நவம்பர் வந்ததும் குழாயை அடைத்துவிட்டு வசந்தத்தில் பார்க்கலாம் என்று போய்விடுகின்றன. விருந்தாளி மிகவும் தேவைப்படுகிற மாதத்தில் வாசலைச் சாத்துவது புத்திசாலித்தனமா?

கடைசியாக

கோட்டை நகரத்துக்குக் குளிர்காலத்தில் வண்டியோடு போகிறவர் நாலு விஷயத்தைக் கடைப்பிடித்தால் போதும். ஓர் ஊரில் குறைந்தது இரண்டு ராத்திரி. வண்டி மதிலுக்கு வெளியே, கால் மதிலுக்கு உள்ளே. ரொட்டி அந்த ஊர் பேக்கரியில், ஒரு வேளைச் சாப்பாடு அந்த ஊர் கடையில். அழுக்குத் தண்ணீர் அதற்குரிய இடத்தில் மட்டும். இந்த நாலும் முடியாது என்பவர் வீட்டிலேயே இருந்து படம் பார்க்கலாம். நொய்ஷ்வான்ஸ்டைனின் படங்கள் எக்கச்சக்கமாகக் கிடைக்கின்றன, டீசலும் மிச்சம்.

பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் கெட்டவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. வயதானவர்களுக்கும் கையில் ஒரு வாரமே லீவு உள்ளவர்களுக்கும் அதுதான் வழி. அவர்களும் ஒரே ஒரு ஊரிலாவது அடுத்த பஸ்ஸை விட்டுவிட்டு, பிப்ரவரியில் ஒரு ராத்திரி தங்கிப் பார்க்கட்டும். விடிவதற்கு முன் பேக்கரி விளக்கு எரியும். வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருப்பவர் குட் மார்னிங் சொல்வார். மேலே கோட்டை இருட்டில் இருக்கும். அந்த நேரத்தில் ஊருக்குள் எத்தனை விளக்கு எரிகிறது என்று எண்ணிப் பார்த்தால், அந்த ஊர் இன்னும் பத்து வருடம் ஊராக இருக்குமா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.